மாணவர் வருகை: ஆசிரியர் செய்யத்தக்கவை

தம்மாமில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளில் பயில்கின்றனர். 1982இல் தொடங்கப்பெற்ற தம்மாம் சர்வதேச இந்தியப் பள்ளி அவற்றுள் ஒன்று. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளை எழுத 75 விழுக்காடு வருகை தேவை என்பது வாரியத்தின் விதி. வகுப்பு தொடங்கிய நாள் முதல், தேர்வு தொடங்கும் மாதத்திற்கு முந்தைய மாதத்தின் முதல் நாள் வரை வருகை கணக்கிடப்படும். பிப்ரவரியில் தேர்வு எனில் ஜனவரி 1 வரை. எஞ்சிய 25 விழுக்காட்டைப் பிள்ளைக்கு உரிமையான விடுப்பு எனப் பெற்றோர் சிலர் கருதுகின்றனர். அது அவ்வாறன்று. மருத்துவ அவசரநிலை, தேசிய அல்லது சர்வதேச விளையாட்டுப் போட்டி, இவற்றையொத்த கடுமையான காரணங்கள் ஆகியவற்றுக்கே, உரிய ஆவணங்களுடன், அத்தளர்வு பொருந்தும். விமானக் கட்டணம் குறைவாக இருந்தது என்பது அவற்றுள் அடங்காது.

ஆயினும் இந்நகரில் வருகை குறைவதற்குப் பெருங்காரணம் அந்தக் கட்டணமே. கோடை விடுமுறை தொடங்கியவுடன் சென்னைக்கும் திருச்சிக்கும் பயணச்சீட்டின் விலை ஏறிவிடுகிறது. நால்வர் கொண்ட குடும்பம் இரண்டு வாரம் முன்னதாகப் புறப்பட்டால் மிச்சமாகும் தொகை சிறிதன்று. ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் தந்தையின் விடுப்பும் நிறுவனம் தரும் நாளிலேயே அமையும். இப்பெற்றோரைப் பொறுப்பற்றவர் எனக் கருதும் ஆசிரியர் தொடக்கத்திலேயே அவர்களை இழந்துவிடுகிறார். தேர்வு நாள்களையும் பள்ளி முடியும் நாளையும் ஏப்ரல் மாதத்திலேயே எழுத்தில் தெரிவித்தால், பயணச்சீட்டு வாங்குமுன் அவை கருத்தில் கொள்ளப்படும். விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் வகுப்பறையில் உண்மையான பாடம் நடைபெற வேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்தது. வெறுமனே உட்கார்ந்திருக்கும் வகுப்புக்காக எவரும் பயணத்தைத் தள்ளிவைப்பதில்லை.

பிற காரணங்கள் சிறியவை. ஆனால் அடிக்கடி நிகழ்பவை. பள்ளி வேனைத் தவறவிட்ட பிள்ளையைக் கொண்டுவிட ஆளில்லை. தந்தை விடியுமுன்னரே ஜுபைலுக்குப் பணிக்குச் சென்றிருப்பார். 2018 ஜூன் முதல் பெண்கள் வாகனம் ஓட்ட அனுமதி உண்டெனினும், பல வீடுகளில் உரிமம் தந்தையிடம் மட்டுமே உள்ளது. ரமலான் மாதத்தில் இரவு நீள்வதால் காலையில் எழுதல் கடினமாகிறது. ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்களை ஆசிரியர் அறிமுகப்படுத்தி வைத்தாலே முதற்சிக்கல் பெரும்பாலும் தீரும்.

பிள்ளை வராத அன்றே வீட்டிற்குத் தொலைபேசியில் பேசுதல் நன்று. “ஏன் அனுப்பவில்லை?” என்பதைவிட “இன்று வகுப்பில் காணவில்லையே, நலந்தானா?” என்னும் வினா உண்மையான விடையைப் பெற்றுத்தரும். மாதந்தோறும் அதுவரை தவறிய நாள்களின் மொத்த எண்ணிக்கையைத் தெரிவிப்பதும் இன்றியமையாதது. தம் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்பதைப் பெற்றோர் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகின்றனர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 28,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டு நடத்தி, 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இம்மொத்த எண்ணிக்கையைக் கடிதத்தில் எழுதி அனுப்பியதே நீடித்த வருகைக் குறைவைப் பத்து விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைத்தது. கடிதம் தமிழிலும் இருந்தால், ஆங்கிலம் அறியாத தாயாரும் அதைப் படிப்பார்.

முழு வருகைக்கான சான்றிதழ் வழங்கும் வழக்கம் மறு ஆய்வுக்கு உரியது. காய்ச்சலுடன் ஒரு பிள்ளை வகுப்புக்கு வந்து அமர்வதற்கு அதுவும் காரணமாகலாம். முன்னறிவிப்பின்றி அளிக்கப்பெற்ற இத்தகைய விருதுகள் அதன்பின் வருகையைச் சற்றுக் குறைத்தன எனக் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வும் காட்டியது. மாறாக, சென்ற மாதத்தைவிட மூன்று நாள் கூடுதலாக வந்த மாணவனிடம் அதைத் தனியே குறிப்பிடுவது எளிது; செலவும் இல்லை.

நீண்ட விடுப்புக்குப் பின் திரும்பும் மாணவனை முதல் நாளிலேயே வகுப்பின் முன் நிறுத்தி விளக்கம் கேட்டால், மறுநாளும் அவன் வாராதிருக்கக் காரணம் கிடைத்துவிடும். விடுபட்ட பாடக் குறிப்புகளைத் தர ஒரு தோழனை முன்கூட்டியே அமர்த்தலாம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினரின் வருகை 80 விழுக்காட்டை நெருங்கும்போதே பெற்றோரை அழைத்துப் பேச வேண்டும். 75க்குக் கீழ் இறங்கியபின் அழைப்பதால் பயன் சிறிது. நோய் காரணமாக விடுப்பெடுத்திருப்பின், மருத்துவச் சான்றினை அவ்வாரத்திலேயே பள்ளியில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் பெற்றோர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்; ஊரில் சிகிச்சை பெற்றவர்கள் அச்சான்றினைத் தம்மாமுக்குப் புறப்படுமுன்னரே மருத்துவரிடம் பெற்றுவருதல் எளிது.