உலைக்குப் போகாத பிடியரிசி

மிசோரம் தலைநகர் ஐஸாலில், மலைச்சரிவை ஒட்டி நிற்கும் வீடுகளில் சோறு வடிக்கும் முன் ஒரு வேலை நடக்கும். உலைக்கு அரிசி அளந்தெடுத்ததும் அதிலிருந்து ஒரு பிடி தனிப் பாத்திரத்துக்குப் போய்விடும். சோறாக்கும் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பிடி. நிரம்பியதைச் சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். தேவாலயத்தில் குவியும் அந்த அரிசி விற்பனைக்கு வரும். கொடுத்த வீட்டாரே விலை கொடுத்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. வந்த பணம் சபையின் ஊழியத்துக்கு.

மிசோ மொழியில் இதற்கு 'புஃபாய் தாம்' என்று பெயர். தொடங்கிய ஆண்டு 1910. இன்று மிசோரம் பிரஸ்பிட்டீரியன் சபைக்கு இந்தப் பிடியரிசியால் மட்டும் ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் சேர்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 11 லட்சம்தான். அதாவது தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர மாவட்டத்தைவிடக் குறைவு. அந்தச் சின்ன மாநிலத்தின் சபை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்து அசாம், திரிபுரா, அருணாசலப் பிரதேசம் என்று பல இடங்களுக்கும், கடல் கடந்தும் அனுப்பி வைக்கிறது.

பிரஸ்பிட்டீரியன் என்ற பெயர் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டீரியன்களுக்காகக் கட்டப்பட்டது. தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும், 1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான். இந்த மரபில் பிஷப் கிடையாது. சபையார் மூப்பர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். மூப்பர்களும் போதகரும் கூடி உட்கார்ந்து சபையை நடத்துவார்கள். பல சபைகள் சேர்ந்தால் வட்டார மன்றம். எல்லாவற்றுக்கும் மேலே சினாடு. முடிவுகளைப் போலவே காணிக்கையும் இந்தப் படிகளில்தான் ஏறி இறங்கும்.

மிசோக்களுக்கு இந்த முறையைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் வேல்ஸ் நாட்டினர். அவர்களும் பணக்காரர்கள் அல்ல. வேல்ஸின் கால்வினிய மெத்தடிஸ்டுகள் (இன்றைய வேல்ஸ் பிரஸ்பிட்டீரியன் சபையின் முன்னோர்) முதலில் லண்டன் மிஷனெரி சங்கத்துக்குத்தான் பணம் கொடுத்து வந்தார்கள். தாமஸ் ஜோன்ஸ் என்ற தச்சன் மகன் இந்தியாவுக்குப் போக விரும்பியபோது, உடல்நிலையைக் காரணம் காட்டி லண்டன் சங்கம் மறுத்தது. 1840இல், வேல்ஸிலிருந்து பிழைக்கப் போனவர்கள் நிறைந்திருந்த லிவர்பூல் நகரில், வேல்ஸ்காரர்கள் சொந்தமாக ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ஜோன்ஸ், இன்றைய மேகாலயாவில் இருக்கும் சிரபுஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அங்கே வாழும் காசிப் பழங்குடியினரின் மொழியை ரோமன் எழுத்தில் எழுத வகை செய்தவர் அவர்தான். அந்த எழுத்து முறையில் வேல்ஸ் மொழியின் சாயல் இன்றும் தெரியும். பிறகு அவருக்குச் சபையோடும் பிணக்கு, அங்கே கோலோச்சிய ஆங்கிலேய வணிகர் ஒருவரோடும் பகை. 1849இல் கல்கத்தாவில் இறந்தார்.

லுஷாய் மலை என்று அன்று அழைக்கப்பட்ட மிசோரத்துக்கு முதலில் வந்து தங்கியவர்கள் லொரைன், சாவிட்ஜ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். 1894 ஜனவரியில் வந்து, மிசோ மொழிக்கு எழுத்து வகுத்து, நான்கே ஆண்டில் போய்விட்டார்கள். அவர்களுக்குச் செலவு செய்தவர் லீட்ஸ் நகரின் ஆர்திங்டன். தன் சாப்பாட்டுக்குக்கூடக் கணக்குப் பார்த்து மிஷன்களுக்கு அள்ளிக் கொடுத்த செல்வந்தர். ஒரே ஆளின் பணத்தில் ஓடிய வேலை அது. 1897இல் வேல்ஸிலிருந்து டி.இ. ஜோன்ஸ் வந்த பிறகுதான் நிலையான சபை வேரூன்றியது. 1899இல் கூமா, காரா என்ற இருவர் முதலாவதாக ஞானஸ்நானம் பெற்றனர்.

இரண்டு பேரில் தொடங்கிய சபை சுமார் பத்து ஆண்டுகளில் அடுத்த ஊருக்கு ஆள் அனுப்ப நினைத்தது. கையில் காசு இல்லை. மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து நெல் விதைத்துச் சாப்பிடும் மக்கள் அவர்கள். நாணயம் புழங்குவதே அபூர்வம். காசு இல்லாத வீட்டிலும் அரிசி இருக்கும், அடுப்படி பெண்கள் கையில் இருக்கும். பிடியரிசி முளைத்தது இங்கேதான்.

அரிசிக்கும் அங்கே உத்தரவாதம் கிடையாது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை மிசோரத்தில் மூங்கில் காடு மொத்தமாகப் பூக்கும். மூங்கிலரிசியைத் தின்று எலிகள் பெருகும். அது தீர்ந்ததும் வயலுக்கும் குதிருக்கும் வரும். 'மௌதம்' என்று பெயர் பெற்ற அந்தப் பஞ்சம், பிடியரிசி தொடங்கிய மறு ஆண்டே, 1911இல் வந்தது. அதையும் தாண்டி இந்த வழக்கம் நின்றது. மிஷன் நிதி என்றதும் வெளிநாட்டுப் பணப்பெட்டியை நினைத்துக்கொள்பவர்கள் இந்த ஓர் ஆண்டைப் பற்றி யோசிக்கலாம்.

மிஷனெரிகளைத் தாங்குவதற்கு உலகம் முழுக்க ஒரே வழி இல்லை. அமெரிக்காவின் பிரஸ்பிட்டீரியன் பிரிவுகள் சிலவற்றில், வெளிநாடு போக விரும்புபவர் தாமே சபை சபையாகப் போய்ப் பேச வேண்டும். மாதம் இவ்வளவு தருகிறேன் என்று தனி ஆட்களும் சபைகளும் வாக்குக் கொடுக்க, தேவையான தொகை சேர்ந்த பிறகுதான் விமானம் ஏறலாம். சில ஆண்டு கழித்துத் திரும்பி வந்து, கொடுத்தவர்களிடம் வேலை விவரம் சொல்ல வேண்டும். கொடுப்பவருக்கும் போகிறவருக்கும் நெருக்கம் வளர்கிறது என்பது இதன் பலம். நன்றாகப் பேசத் தெரிந்தவருக்குச் சீக்கிரம் பணம் சேர்வதும், கூச்ச சுபாவக்காரர் ஆண்டுக்கணக்கில் அலைவதும் இதன் பலவீனம். மிசோ சபையில் அந்த அலைச்சல் இல்லை. தசமபாகம், காணிக்கை, பிடியரிசி எல்லாம் மேலே போகும். பணியிடத்தையும் சம்பளத்தையும் சினாடு முடிவு செய்யும்.

கொரியாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1890இல் சியோலுக்கு வந்த ஜான் நீவியஸ் என்ற மூத்த மிஷனெரி, உள்ளூர்ச் சபை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று இளைய மிஷனெரிகளுக்கு அறிவுரை சொன்னார். கொரியப் பெண்களும் சமைக்கும்போது சபைக்கென்று அரிசி எடுத்து வைத்தார்கள். 1907இல் முதல் ஏழு கொரியப் போதகர்கள் அபிஷேகம் பெற்றபோது, அவர்களில் ஒருவரான யி கி-புங் ஜேஜு தீவுக்கு அனுப்பப்பட்டார். சில ஆண்டுகளில் சீனாவின் ஷான்டோங்குக்கு மூன்று பேர் போனார்கள். நம் பக்கத்திலும் 1903இலேயே திருநெல்வேலிக் கிறித்தவர்கள், ஆங்கிலிக்கன் மரபினர், வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் முயற்சியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, நம் ஆட்கள், நம் பணம் என்ற உறுதியோடு தெலுங்கு நாட்டின் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

மிசோ சபையின் சுயபலம் சோதிக்கப்பட்டது 1960களில். 1959இன் மௌதம் பஞ்சத்தில் அரசு காட்டிய அலட்சியம் கிளர்ச்சியாக வெடித்தது. 1966 மார்ச்சில் இந்திய விமானப்படையே ஐஸால் மீது குண்டு வீசியது. அடுத்த ஆண்டு முதல் கிராமங்களைக் காலி செய்து, மக்களைச் சாலையோர முகாம்களில் அடைத்தார்கள். வயல்கள் கைவிட்டுப் போயின. 1968 வாக்கில் வேல்ஸ் மிஷனெரிகளும் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சபை நிர்வாகம் எல்லாம் மிசோக்கள் தலையில் வந்து விழுந்தன. வெளிநாட்டுப் பணத்தை மட்டும் நம்பிய சபையாக இருந்திருந்தால் அப்போதே சுருங்கியிருக்கும்.

இந்த ஊழியத்தை வெறும் புகழ்மாலையாகச் சொல்லிவிட முடியாது. வேல்ஸ்காரர்கள் தொடக்க காலத்தில் மிசோக்களின் அரிசிக் கள்ளோடு அவர்களுடைய பறையையும் ஒதுக்கி வைத்தார்கள். பிற்கால எழுப்புதல்களில் பறை தேவாலயத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டது; இன்று அது இல்லாமல் மிசோ சபைப் பாட்டே கிடையாது. மிசோ ஊழியர்கள் வேறு பழங்குடிகளிடம் போகும்போது, அந்த மக்களின் வழக்கங்களில் எதை ஏற்பது, எதை ஒதுக்குவது என்ற கேள்வியை அவர்களும் சந்திக்கிறார்கள். அவர்கள் போகும் அருணாசலப் பிரதேசத்தில் 1978 முதல் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமே இருக்கிறது.

இதற்கிடையே ஆள் அனுப்பிய வேல்ஸ் மாறிப்போனது. 2021 கணக்கெடுப்பில் அங்கே தங்களைக் கிறித்தவர் என்று சொன்னவர்கள் 43.6 சதவீதம், மதம் எதுவும் இல்லை என்றவர்கள் 46.5 சதவீதம். ஊருக்கு ஊர் இருந்த, சாப்பல் எனப்படும் தேவாலயங்களில் பல வீடாகவும் கடையாகவும் மாறிவிட்டன. 2000களில் மிசோ சபை தன் போதகர்களை வேல்ஸுக்கே ஊழியம் செய்ய அனுப்பியது. டி.இ. ஜோன்ஸ் மிசோரத்தில் புதிதாகச் சபை கட்டினார் என்றால், இவர்களுக்கு வாய்த்தது வயதானவர்கள் சிலரே கூடும் பழைய சபைகள்.

இத்தனைக்கும் அடியில் இருக்கும் பெண்களைப் பற்றி மிசோரத்துக்குள்ளேயே பேச்சு உண்டு. அரிசியைப் பிடி பிடியாக எடுத்து வைப்பதும், வீடு வீடாகச் சேர்ப்பதும், கணக்கு எழுதுவதும் பெண்கள். மூப்பர் மன்றத்தில் அந்தப் பணத்தைப் பற்றி முடிவு செய்தவர்களோ பெரும்பாலும் ஆண்கள். வேல்ஸின் பிரஸ்பிட்டீரியன் சபை 1978இலேயே ஒரு பெண்ணைப் போதகராக அபிஷேகம் செய்துவிட்டது. மிசோரத்தில் இறையியல் பட்டம் பெற்ற பெண்கள் பள்ளி, ஆஸ்பத்திரி, மிஷன் களம் என எங்கும் வேலை பார்த்தும், பிடியரிசி தொடங்கி நூறு ஆண்டு ஆன பிறகும் அவர்களுக்குப் போதகர் பட்டம் கிடைக்கவில்லை. அதைக் கேட்பவர்களில் மிசோ இறையியல் ஆசிரியைகள் முன்னால் நிற்கிறார்கள்.