மங்கும் விழிகளுக்கு யார் துணை?

முதுமை வந்தால் பார்வை மங்குவது இயல்பே என்று சொல்லி நாம் பழகிவிட்டோம். வீட்டில் வாழும் பெரியவர் தடுமாறினால் பேரக்குழந்தை கைபிடித்து அழைத்துச் செல்லும். பார்வை மேலும் குன்றினால் மகனோ மகளோ மருத்துவரிடம் கூட்டிச் செல்வர். முதியோர் இல்லத்தில் வாழ்பவரின் நிலை என்ன? பலரைக் கவனிக்கச் சிலரே உள்ள இடம் அது. உணவு, குளியல், மாத்திரை என்னும் அன்றாடக் கடமைகளுக்கே அங்கு பொழுது போதாது. காய்ச்சல் வந்தால் தெரிந்துவிடும். கீழே விழுந்தாலும் தெரிந்துவிடும். பார்வை மட்டும் ஓசையின்றி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக விடைபெறுகிறது. முறையிட வேண்டியவரும், 'வயதாகிவிட்டது' என்று தமக்குத் தாமே சொல்லி அடங்கிவிடுகிறார்.

1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பிரான்சு நாட்டில் ஜான் ஜூகான் என்னும் எளிய பெண்மணி, ஆதரவற்ற மூதாட்டி ஒருவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். அம்மூதாட்டி பார்வை இழந்தவர். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையும், அச்சபையினர் பல நாடுகளில் நடத்தும் முதியோர் இல்லங்களும் அந்த ஒரு கட்டிலிலிருந்தே தோன்றின. 2009ஆம் ஆண்டில் திருச்சபை ஜான் ஜூகானைப் புனிதராக அறிவித்தது. பார்வையற்ற முதியவருக்கு அன்று இடமும் உணவும் அன்பும் தர முடிந்தது. இன்றோ, அவர்களுள் பலருக்குப் பார்வையையே திரும்பத் தர முடியும்.

மீளும் பார்வை, மீளாப் பார்வை

2015 முதல் 2019 வரை நம் நாட்டில் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, ஐம்பது வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக்குக் கண்புரையே காரணம். கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை வெளுத்து, ஒளி புகாமல் போவதே புரை. 1949ஆம் ஆண்டு இலண்டனில் மருத்துவர் ஹரால்டு ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். எனினும், அவ்வில்லை நம் எளிய மக்களுக்கு எட்டப் பல்லாண்டுகள் ஆயின. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992 முதல் அங்கேயே குறைந்த விலையில் வில்லைகள் செய்யப்படுகின்றன. சோடாப்புட்டிக் கண்ணாடி அணிந்து தட்டுத்தடுமாறிய காலம் மறைந்துவிட்டது. 'புரை முற்றட்டும்' என்று காத்திருக்க வேண்டிய தேவையும் இன்று இல்லை. மிகவும் முற்றவிட்டால் அறுவையே கடினமாகும். எண்பதைக் கடந்தவருக்கும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சீராக்கி, கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை செய்கின்றனர்.

கண் நீர் அழுத்த நோயோ வேறு தன்மையது. அது பெரும்பாலும் வலியின்றிப் பார்வையின் ஓரங்களை அரித்து உள்ளே வரும். அதில் இழந்த பார்வை திரும்புவதில்லை. சொட்டு மருந்தால் எஞ்சியதைக் காக்கலாம். சர்க்கரை நோயும் விழித்திரையை இவ்வாறே மறைந்திருந்து தாக்கும். ஆகவே இல்லத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண் பரிசோதனை வேண்டும். கண் கெட்ட பின் சூரிய வணக்கம் செய்து பயன் என்ன? திடீரெனப் பார்வை மறைந்தாலும், திரை விழுந்தாற்போல் தோன்றினாலும், கண் சிவந்து கடுமையாக வலித்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

தவறாகப் புரிந்துகொள்ளப்படுவோர்

பார்வை குன்றியவரை நாம் பல வேளைகளில் குணம் கெட்டவர் என்று எண்ணிவிடுகிறோம். ஓர் இல்லத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தோம். வணக்கம் சொன்னாலும் திரும்பிப் பாராத செருக்குக்காரர் என்று அவருக்குப் பெயர். அருகில் அமர்ந்து கேட்டோம். "முகம் தெரிவதில்லை சாமி. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் அவர்கள் போய்விடுகிறார்கள்" என்றார். ஒரு கண்ணில் புரை நீக்கிய பிறகு, காலை நாளிதழை மற்றவர்களுக்கு உரக்க வாசிப்பது அவருடைய பணியாயிற்று.

வேறு சிலர், அறையில் குழந்தைகள் நிற்பதாகவும், பூக்களோ புதிய மனிதர்களோ தெரிவதாகவும் சொல்வர். உடனே சித்தம் கலங்கிவிட்டது என்போரும், ஆவி என்று அஞ்சுவோரும் உண்டு. சுவிட்சர்லாந்து அறிஞர் சார்லஸ் போனே, பார்வை மங்கிய தம் பாட்டனாருக்கு இத்தகைய தோற்றங்கள் எழுந்ததை 1760இலேயே எழுதி வைத்தார். கண் தராத காட்சியை மூளை தானே புனைந்துகொள்வதால் விளைவது இது. தெளிந்த அறிவுடையவர்க்கும் இது நேரும். மருத்துவரிடம் காட்டி வேறு காரணம் இல்லை என்று அறிந்தபின், அச்சப்பட வேண்டாம் என ஆறுதல் சொல்வதே பாதி மருந்து.

இல்லங்களில் செய்யத்தக்கவை

இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை எட்டுகிறது. எனவே நமக்குப் போதுமான விளக்கு அவர்களுக்குப் போதாது. கழிவறைக்குச் செல்லும் வழியில் இரவெல்லாம் விளக்கு எரியட்டும். படிகளின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் தீட்டலாம். பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வெண்சோறு தெரியாமல் பாதி உண்டு எழுவோர் உள்ளனர். வாழையிலையிலோ கருநிறத் தட்டிலோ பரிமாறினால் சோறு தெளிவாகத் தெரியும். மூக்குக்கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று மாறிவிடாதபடி உரியவர் பெயரை ஒட்டிவைத்து, நாள்தோறும் துடைத்துக் கொடுக்க வேண்டும். சொட்டு மருந்துப் புட்டியை இருவருக்குப் பொதுவாக்கலாகாது. திறந்த தேதியை அதன்மேல் எழுதி, குறித்த நாளுக்குப்பின் எறிந்துவிட வேண்டும். ஒரு சொட்டே போதும். இரு மருந்துகள் இருப்பின் இடையே ஐந்து நிமிடம் விடுவது நலம்.

நம் குடும்பங்களின் பங்கு

அரசு மருத்துவமனைகளிலும் கண் முகாம்கள் வழியாகவும் இலவசமாகவே புரை அறுவை நடைபெறுகிறது. ஆயினும் முதியோர் பலர் அங்குச் சென்று சேர்வதில்லை. பணத்தைவிட, உடனிருக்க ஆள் இல்லாமையே பெருந்தடையாக நிற்கிறது. அழைத்துச் செல்ல ஒருவர், இரவு தங்க ஒருவர், பின்னர் சில வாரங்கள் சொட்டு மருந்து விட ஒருவர் வேண்டும். நம் பங்கின் அன்பியங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முதியவரை ஏற்றுக்கொண்டால் இத்தடை நீங்கும். இளைஞரும் மாதர் சங்கத்தினரும் முறைவைத்துச் செல்லலாம்.

மற்றொரு தடையும் உண்டு. அதை நீக்கப் பங்கு மக்கள் அனைவராலும் இயலாது. அறுவைக்கு இணங்க மறுத்த தாய் ஒருவர் எம்மிடம், "இனிமேல் யாரைப் பார்க்கப் போகிறேன் சாமி?" என்று கேட்டார். இக்கேள்விக்கு எந்தக் கண் மருத்துவரிடமும் மருந்து இல்லை. பெற்றோரை இல்லத்தில் சேர்த்துள்ள பிள்ளைகளே, சூழ்நிலை உங்களை அவ்வாறு செய்ய வைத்திருக்கலாம். அதற்காக உங்களை நாம் பழிக்கவில்லை. பரிசோதனை நாளன்று நீங்களே சென்று அவர்கள் அருகில் அமருங்கள். கட்டுப் பிரிக்கும் வேளையில் முன்னே நில்லுங்கள். திரும்பி வந்த பார்வையில் முதலில் படுவது உங்கள் முகமாக இருக்கட்டும்.