பன்றிக்குக் குறி வைக்கும் கண்ணாடி!

மரவள்ளிக் கிழங்கு கிட்டத்தட்ட பத்து மாதப் பயிர். குச்சி நட்டு, தண்ணீர் கட்டி, களை வெட்டி, கிழங்கு திரளும் வரை உழவன் காத்திருக்க வேண்டும். காட்டுப் பன்றி காத்திருப்பது இல்லை. அதற்கு ஒரே இரவு போதும். கூட்டமாக வரும். மூக்கால் மண்ணைக் கிளறும். விடிந்த பிறகு போய்ப் பார்த்தால், தோட்டம் ஏர் ஓட்டிய நிலம் போலக் கிடக்கும்!

கொல்லிமலை, போதமலை, சேர்வராயன் மலை அடிவாரங்களில் இது பழைய தொல்லை. சேலம், ராசிபுரம், ஆத்தூர் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசி ஆவது இந்தக் கிழங்குதான். நிலக்கடலையும் மக்காச்சோளமும் கூடப் பன்றிக்குப் பிடிக்கும்.

"சுட்டுத் தள்ளினால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். நினைத்தவர் எல்லாம் சுட முடியாது. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அது திருத்தப்பட்டது. அதோடு பொழுதுபோக்கு வேட்டை முடிந்தது.

சிலர் வேலியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். இது சட்டவிரோதம் மட்டும் அல்ல, படுகொலை. 2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் சிக்கி 3 யானைகள் செத்தன. ஆடு மேய்க்கும் பையன் மிதித்தாலும் அதே கதிதான்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக் காட்டில் இருந்து 1 கிலோ மீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோ மீட்டர் வரை, பிடித்துக் கொண்டு போய்க் காட்டில் விடவேண்டும். 3 கிலோ மீட்டருக்கு அப்பால் ஊருக்குள் வந்தால் சுடலாம். சுடுவது உழவர் அல்ல. பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்.

சரி, சுடுகிறவர் எப்படிக் குறி வைப்பார்? இருட்டில் கருப்புப் பன்றி. சுற்றிலும் தோட்டத்து வீடுகள். குறி தவறினால் என்ன ஆகும்?

கண்ணில் குத்திய கண்ணாடி

துப்பாக்கிக் குழல் மேல் சிறிய தொலைநோக்கி ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதற்கு "ஸ்கோப்" என்று பெயர். உள்ளே பார்த்தால் கூட்டல் குறி போல இரண்டு மெல்லிய இழைகள் தெரியும். இழைகள் சந்திக்கும் இடம்தான் குறி.

இந்த யோசனை பழையது. 1776-ல் அமெரிக்காவில் சார்லஸ் வில்சன் பீல் என்ற ஓவியர், டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற வானியல் அறிஞரோடு சேர்ந்து துப்பாக்கியில் தொலைநோக்கியைப் பொருத்திப் பார்த்தார். சுட்டால் துப்பாக்கி பின்னால் உதைக்கும் அல்லவா? கண்ணாடி நேராக வந்து கண்ணில் மோதியது!

இன்றைய ஸ்கோப்புகளில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 3 அல்லது 4 அங்குல இடைவெளி விட்டுப் பார்க்கலாம். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது அப்புறம்.

பெரிது எல்லாம் நல்லது அல்ல

ஸ்கோப்பின் மேல் "3-9x40" என்று எழுதியிருக்கும். 3 மடங்கு முதல் 9 மடங்கு வரை பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் அகலம் 40 மில்லி மீட்டர் என்று அர்த்தம்.

9 மடங்குதான் உயர்த்தி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 9 மடங்கில் பன்றி பெரிதாகத் தெரியும். ஆனால் கை நடுக்கமும் 9 மடங்கு தெரியும். பார்க்கும் பரப்பும் சுருங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் ஆளோ மாடோ கண்ணில் படாது.

இருட்டில் இன்னொரு சங்கடம். 40-ஐ 9-ஆல் வகுத்தால் ஏறக்குறைய நாலரை. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் நாலரை மில்லி மீட்டர்தான். இளைஞனின் கண்மணி இருட்டில் 7 மில்லி மீட்டர் வரை விரியும். ஆகவே காட்சி மங்கும். அதே ஸ்கோப்பை 4 மடங்குக்குக் குறைத்தால் ஒளிக்கற்றை 10 மில்லி மீட்டர். கண் கொள்ளும் அளவுக்கு வெளிச்சம் வரும். கிழங்குத் தோட்டத்தில் 50 கெஜம், 60 கெஜத்தில் நிற்கும் பன்றிக்கு 3 அல்லது 4 மடங்கு தாராளம்.

ஸ்கோப்பே இல்லாமல் பெயர் வாங்கியவரும் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) அன்றைய சேலம் ஜில்லாவின் வடபகுதிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தவர். பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, சின்னாற்றுக் கரை எல்லாம் அவர் கால் பட்ட இடங்கள். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர் ரைபிள். குறி பார்க்க இரும்பு முனைகள்; இரவுக்குக் குழலோடு கட்டிய டார்ச் விளக்கு. புதருக்குள் இருந்து புலி பாயும்போது கண்ணாடி வழியாகத் தேட நேரம் ஏது?

பார்வை நேர், குண்டு வளைவு

விலை உயர்ந்த ஸ்கோப்பை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலையே!

பரண் மேல் நின்று கவண் கல் வீசியவர்களுக்கு இது தெரியும். கல் நேராகப் போவது இல்லை, வளைந்து விழும். துப்பாக்கிக் குண்டும் அப்படித்தான். விநாடிக்கு 2,500 அடி வேகத்தில் பாயும் குண்டு, 100 கெஜம் போவதற்குள் சுமார் 3 அங்குலம் தாழ்ந்துவிடுகிறது. 200 கெஜத்தில் ஓர் அடிக்கு மேல்!

கண்ணாடியோ குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. பார்வை நேர்க்கோட்டில் போகிறது. குண்டு கீழே இருந்து புறப்பட்டு, பார்வைக் கோட்டைத் தாண்டி மேலே ஏறி, பிறகு மறுபடி இறங்குகிறது. எந்தத் தூரத்தில் இரண்டும் ஒன்று சேர வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கு ஏற்ப ஸ்கோப்பைத் திருத்துவதற்குத்தான் "குறி சேர்ப்பது" என்று பெயர்.

இதைப் பகலில், அனுமதி பெற்ற சுடும் மைதானத்தில் செய்ய வேண்டும். முதலில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஒரு திருகு தளர்ந்திருந்தால் போதும். நாள் முழுவதும் சுட்டாலும் குறி சேராது. தோட்டா விரயம்தான்.

பிறகு துப்பாக்கியை மேஜையில், மணல் மூட்டை மேல் அசையாமல் வைக்க வேண்டும். அட்டையை 25 கெஜத்தில் நிறுத்தி, ஒரே இடத்தைப் பார்த்து 3 முறை சுட வேண்டும். 3 துளைகளும் நெருக்கமாக விழுந்தால் நல்லது. நடுவில் விழாவிட்டாலும் பரவாயில்லை. துளைகள் சிதறி விழுந்தால், கோளாறு சுடுபவரிடமோ, திருகிலோ, தோட்டாவிலோ இருக்கிறது. அப்போது ஸ்கோப்பைத் தொடக்கூடாது.

ஸ்கோப்பின் மேலே ஒரு குமிழ், பக்கத்தில் ஒரு குமிழ். மேல் குமிழ் குண்டை ஏற்றி இறக்கும். பக்கக் குமிழ் இடம் வலம் நகர்த்தும். திருப்பினால் "டிக், டிக்" என்று சத்தம் வரும். பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு டிக்குக்கு, 100 கெஜத்தில் குண்டு கால் அங்குலம் நகரும். 100 கெஜத்தில் 2 அங்குலம் இடது பக்கம் விழுந்தால், வலது பக்கம் 8 டிக். 25 கெஜத்தில் அதே 2 அங்குலத்துக்கு 32 டிக் வேண்டும். கணக்கை மறந்து திருப்பி, மாலை வரை மல்லுக்கு நிற்பவர்கள் உண்டு!

25 கெஜத்தில் சரியானதும், அட்டையை 100 கெஜத்துக்குத் தள்ளி மறுபடி 3 முறை சுட வேண்டும். தோட்டாவின் ரகம் மாறினால் பழைய குறி செல்லாது. இரவில் எந்தத் தோட்டாவோ, பகலிலும் அதே தோட்டாதான்.

பன்றிக்குப் பின்னால் என்ன?

குறி சேர்ந்த துப்பாக்கியும் சமவெளியில் ஆபத்துதான். சின்ன .22 ரைபிளின் குண்டே, உயர்த்திச் சுட்டால் ஒரு மைலுக்கு மேல் போகும். பெரிய ரைபிளின் குண்டு அதைவிட வெகு தூரம் போகும். நாமக்கல் பக்கம் ஒரு மைலுக்குள் எத்தனை கோழிப் பண்ணைகள், எத்தனை களத்து மேடுகள்! இரவில் கிணற்று மோட்டார் போட ஆள் நடமாட்டம் வேறு.

அதனால் தரையில் நின்று சுடுவதை விட, பரண் மேல் இருந்து கீழ்நோக்கிச் சுடுவது மேல். தவறினாலும் குண்டு மண்ணில் புதையும். பாறைத் தரையாக இருந்தால் அதுவும் உதவாது; குண்டு தெறித்துத் திரும்பும். ஸ்கோப்பின் வட்டத்துக்குள் பன்றி மட்டும்தான் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் குடிசை தெரியாது. சுடுகிறவர் பொழுது சாய்வதற்கு முன்பே தோட்டத்தைச் சுற்றி நடந்து, எந்தத் திசையில் சுடக்கூடாது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் திசையில் பன்றி நின்றால், அன்று இரவு அது கிழங்கைத் தின்றுவிட்டுப் போகட்டும்.

மலை அடிவாரப் பாதையில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு வந்த துப்பாக்கியின் குறி விலகி இருக்கலாம். மறுமுறை கிளம்புவதற்கு முன் திருகுகளை முடுக்கி, மைதானத்தில் அட்டையை நிறுத்தி, 3 தோட்டா செலவு செய்து பார்த்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போக வேண்டும்.