பந்தாட்டக் குழுக்களும் பொதுப் பணமும்

மானியமாகப் பெறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எத்தனை பதிவேடுகள் எழுத வேண்டியிருக்கிறது என்பதைச் சங்க அங்கத்தினர்கள் நன்கறிவார்கள். தள்ளுபடி விற்பனைக்கு ரசீது காட்ட வேண்டும். சரக்கு இருப்பைத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும். பொதுப் பணம் பெற்றவர் கணக்குக் காட்டுவதே முறை. ஆயினும், செல்வம் கொழிக்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டில், கோடீசுவரர்களுக்குச் சொந்தமான பந்தாட்டக் குழுக்கள் இம்முறைக்குப் புறம்பாக நின்று வரிப்பணத்தைப் பெற்றுவருகின்றன.

அந்நாட்டுக் கால்பந்து நம் நாட்டில் ஆடப்படுவதன்று. பெயர் கால்பந்தாயினும் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அதன் தலைமைக் கழகத்தில் 32 குழுக்களே உண்டு. குழுவை விரும்பும் நகரங்களோ அதனினும் பல. எனவே உரிமையாளர், “புதிய அரங்கு கட்டித் தாருங்கள், இல்லையேல் வேறூர் செல்வோம்” என்கிறார். நகரமோ மாவட்டமோ கடன் பத்திரம் வெளியிட்டு அரங்கைக் கட்டுகிறது. விற்பனை வரியோ விடுதி அறை வரியோ விதித்து அக்கடனைப் பல ஆண்டுகள் அடைக்கிறது. டிக்கெட்டு வருவாயில் பெரும்பகுதி உரிமையாளரைச் சேர்கிறது. லாஸ் வேகஸ் நகர அரங்கிற்கென 2016-ல் நெவாடா சட்டசபை ஒதுக்கியது 75 கோடி டாலர். அதற்கெனப் பொது வாக்கெடுப்பு நடைபெறவில்லை. 2020-ல் அரங்கு தயாரானதும், ஓக்லந்து நகரில் இருந்த குழு அங்கே குடியேறிற்று.

அரங்கு வந்தால் வியாபாரம் பெருகும், வேலை கிடைக்கும் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆராய்ந்த பொருளாதார அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் இதனை ஏற்கவில்லை. காரணம் எளிது. தீபாவளிக்கு ஒரு குடும்பம் துணிக்கென ஒதுக்கும் பணம், ஊரில் இன்னொரு ஜவுளிக்கடை திறப்பதனால் கூடிவிடுவதில்லை. ஒரு கடைக்குப் போனது மற்றொரு கடைக்குப் போகிறது. அவ்வாறே, சினிமாவுக்கும் உணவு விடுதிக்கும் செலவாகியிருக்கக்கூடிய பணமே அரங்கில் செலவாகிறது.

குழு போய்விட்டாலும் கடன் போவதில்லை. சியாட்டில் நகரில் 1976-ல் திறக்கப்பட்ட கிங்டோம் அரங்கு 2000-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் கடனோ 2015-ல்தான் தீர்ந்தது. இல்லாத கட்டடத்திற்குப் பதினைந்து ஆண்டுகள் தவணை செலுத்திய சங்கம் ஒன்றை நான் தணிக்கையில் கண்டிருந்தால், என் குறிப்புகளுக்குத் தாள் போதாது! மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரம் சுமார் ஐந்தரைக் கோடி டாலரில் கட்டி 1975-ல் திறந்த அரங்கு, குழு வெளியேறியபின், 2009-ல் ஆறு லட்சம் டாலருக்கும் குறைவாக ஏலம் போயிற்று.

மக்களிடம் கேட்டால் விடை வேறாகவும் இருக்கக்கூடும். கான்சாஸ் நகரைச் சேர்ந்த ஜாக்சன் மாவட்டத்தில், அரங்குகளுக்கான விற்பனை வரியை 40 ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் யோசனை 2024 ஏப்ரலில் வாக்குக்கு விடப்பட்டது. நூற்றுக்கு 58 பேர் மறுத்தனர். ஆனால் அதே ஆண்டு ஜூனில், அண்டை மாநிலமான கான்சாஸ், அரங்குச் செலவில் நூற்றுக்கு 70 பங்கு வரை கடன் பத்திரங்கள் மூலம் தருவதற்குச் சட்டம் இயற்றிற்று. ஓரூர் மறுத்தால் அடுத்த ஊர் அழைக்கிறது. உரிமையாளரின் பேரம் இதனாலேயே வலுப்பெறுகிறது.

இந்தப் பேரத்திற்கு இடமில்லாத குழு ஒன்று உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே, லட்சம் பேருக்குச் சற்று மிகுதியாக வாழும் சிற்றூர். அதன் ‘பேக்கர்ஸ்’ குழு 1923-ல் ஐந்து டாலர் பங்குகளை விற்று, ஊராரின் உடைமையாயிற்று. இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்திற்கும் மேல். டிவிடெண்டு கிடையாது, பங்கைப் பிறருக்கு விற்று லாபம் காணவும் இயலாது. இது முழுக் கூட்டுறவன்று: நம்மைப்போல் ஒருவருக்கு ஒரு வாக்கு என்றில்லாமல் பங்குக்கு ஒரு வாக்கு உண்டு. எனினும் ஒருவர் வைத்துக்கொள்ளும் பங்குகளுக்கு வரம்பு இருக்கிறது. ஆகவே குழுவை வேறூருக்கு இட்டுச்செல்லத் தனி முதலாளி எவருமில்லை. இத்தகைய உடைமையைப் பிற குழுக்கள் மேற்கொள்ளக் கழகத்தின் விதிகள் இடந்தருவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அக்குழுவும் பொதுப் பணத்தைப் பெறாமலில்லை. அரங்கைப் புதுப்பிக்க அரை சதவீத விற்பனை வரி கேட்டபோது, 2000-ல் மாவட்ட மக்கள் சுமார் 53-க்கு 47 என்ற கணக்கில் இசைந்தனர். அவர்கள் வாக்களித்தது, ஆண்டுதோறும் வரவு செலவை வெளியிடும் ஒரு நிறுவனத்திற்கு. அவ்வரி 2015-ல் நிறுத்தப்பட்டது.