நிலவறைச் சாளரம் விரிசல் காண்பது ஏன்?

பெர்லின் நகரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அடுக்கு வீடுகளின் முன்னே நடந்து செல்பவர் சற்றே குனிந்து நோக்குவாராயின், நடைபாதையை ஒட்டிச் சுவரின் அடியில், சிறு வார்ப்பிரும்புச் சாளரங்கள் நிலவறைக்குக் காற்றும் வெளிச்சமும் தந்துகொண்டிருப்பதைக் காணலாம். நூறாண்டு மழையையும் பனியையும் சகித்த அந்த இரும்பு, ஒரு சுத்தியலடிக்குப் பீங்கான்போல் உடைந்துபோவது ஏன்?

காரணம் அதன் ஜன்மத்திலேயே இருக்கிறது. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி கலந்திருக்கிறது. உருகிய குழம்பு அச்சில் மெல்லக் குளிர்கையில், அக்கரியின் பெரும்பகுதி, பென்சிலில் நாம் காணும் அதே கிராபைட்டாக, நுண்ணிய செதில்களாகப் பிரிந்து நிற்க, ஒவ்வொரு செதிலும் உள்ளே ஒளிந்த ஒரு விரிசலுக்குச் சமானமாகிவிடுகிறது. ஆகவே அமுக்கினால் அது மலைபோல் தாங்கும், வளைத்தாலோ முறியும். துருவோ, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பது. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே புகுந்து ஆப்புப்போல் நெம்ப, வளைய மாட்டாத சட்டம் விரிசல் காண்கிறது.

துருவைக் கம்பித் தூரிகையால் பொறுமையாகச் சுரண்டி (பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும், நனைத்தே சுரண்ட வேண்டும்), துருத்தடுப்புப் பூச்சிட்டு, ஆளிவிதை எண்ணெயில் சுண்ணத்தூள் பிசைந்த மக்கினால் கண்ணாடியைப் பதிப்பதே முறை. இதற்குச் சோம்பி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் ஜன்னலை மாட்டுவோர், நிலவறையின் ஈரத்தை உள்ளேயே சிறை வைக்கிறார்கள். பிளந்த சட்டத்தை அவசரமாக வெல்டிங் செய்வதும் ஆபத்தே; ஓரிடம் மட்டும் சூடேறினால் பக்கத்தில் புதிய பிளவு தோன்றும். முழுச் சட்டத்தையும் சீராகச் சுடவைத்து ஒட்டி, சாம்பலில் புதைத்து நிதானமாக ஆறவிடுவதே கைதேர்ந்த கொல்லர் வழக்கம்.