சதுரங்கம் விளையாட்டா? ஒரு கணக்காளரின் பதில்



சென்ற மாத உரை முடியும் நேரத்தில் ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். "அண்ணை, செஸ் விளையாட்டுத்தானே? பிறகேன் மகன்ர பள்ளிக்கூடத்தில அதை ஸ்போர்ட்ஸ் எண்டு எடுக்கினமில்லை? ஓடுற பிள்ளைக்குக் கப் குடுக்கினம், இவனுக்கு ஒண்டுமில்லை" என்று கேட்டார். நேரம் போதாமல் அன்று அரைகுறையாகப் பதில் சொல்லி முடித்துவிட்டேன். மிகுதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். தமிழில் கிளித்தட்டும் விளையாட்டு, கரமும் விளையாட்டு, தாயமும் விளையாட்டு, சதுரங்கமும் விளையாட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் 'ஸ்போர்ட்' வேறு, 'கேம்' வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு வேலி உண்டு. நாங்கள் வாழும் இங்கிலாந்தில் அந்த வேலியின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பணம் வருகிறது, வரி போகிறது. ஆகவே அந்தத் தாயாரின் கேள்வி கப் பற்றியது மட்டுமல்ல.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் சதுரங்க வகுப்பு ஒன்று நடக்கிறது. அதன் பொருளாளர் வேலை என் தலையில் விழுந்தது. பலகையும் காய்களும் பெரிய செலவல்ல, மண்டப வாடகைதான் செலவு. சிறு விளையாட்டுக் கழகங்களுக்கு நிதியுதவி தரும் ஓரிடத்துக்கு விண்ணப்பித்தேன். பதில் இரண்டே வரிகளில் வந்தது. சதுரங்கம் அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுகளின் பட்டியலில் இல்லையாம். சில மாதங்கள் வகுப்பை இரு வாரத்துக்கு ஒருமுறை என்று குறைக்க வேண்டி வந்தது. வார இறுதியிலும் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த இடைவெளியில் வராமலே போய்விட்டார்கள். அதன் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று ஆறுதலாக இருந்து படித்தேன்.

படித்தபோது தெரிந்த விடயம், இந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இல்லை, மூன்று பதில்கள் இருக்கின்றன என்பது. ஒரே சதுரங்கப் பலகையை மூன்று பேரேடுகளில் மூன்று விதமாகப் பதிந்திருக்கிறார்கள்.

முதலாவது பேரேடு, அரச விளையாட்டு நிதியைப் பங்கிடும் ஸ்போர்ட் இங்கிலாந்து என்ற அமைப்பினுடையது. உடல் உழைப்பை மையமாகக் கொண்ட வரைவிலக்கணம் ஒன்றையே அது பின்பற்றுகிறது. இதை எதிர்த்து 2015இல் உயர் நீதிமன்றம் போனவர்கள் பிரிட்ஜ் சீட்டாட்டக்காரர்கள். எங்கள் 304 போல இருவர் இருவராகச் சோடி சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. டார்ட்ஸ் எறிவதும் மாதிரி விமானம் பறக்கவிடுவதும் பட்டியலில் இருக்கும்போது நாங்கள் ஏன் இல்லை என்பது அவர்களின் வாதம். நீதிபதி டவ் அதை ஏற்கவில்லை. பொதுவாகப் பேசும்போது பிரிட்ஜ் விளையாட்டா இல்லையா என்று அவர் தீர்மானிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்போர்ட் இங்கிலாந்து எடுத்த நிலைப்பாடு சட்டப்படி செல்லும் என்றுதான் தீர்த்தார். சதுரங்கமும் அதே படகில்தான் இருக்கிறது.

இரண்டாவது பேரேடு பெறுமதி சேர் வரி, நாங்கள் 'வற்' என்று சொல்வது. இலாப நோக்கற்ற அமைப்பு நடத்தும் விளையாட்டுப் போட்டியின் நுழைவுக் கட்டணத்துக்கு வரிவிலக்கு உண்டு. இதிலும் பிரிட்ஜ்காரர்கள்தான் வழக்காடினார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2017 ஜூனில் அங்கே சட்ட ஆலோசனை சொல்லும் அதிகாரி அவர்களுக்குச் சாதகமாகக் கருத்துக் கூறினார். ஆனால் ஒக்டோபரில் நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். புறக்கணிக்கத்தக்க அளவே உடல் அசைவுள்ள ஒரு செயல் இந்த வரிவிலக்குக்குரிய விளையாட்டு ஆகாது என்பது தீர்ப்பு. கணக்கில் சொன்னால், வரிக்குப் பதிவான அமைப்பு ஒன்று 12 பவுண் நுழைவுக் கட்டணம் வாங்கினால் அதில் 2 பவுண் வரிக்குப் போய்விடும். ஆண்டு வரவு 90,000 பவுணைத் தாண்டாத எங்களைப் போன்ற சிறு வகுப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெரிய போட்டிகளை நடத்தும் அமைப்புகளுக்குத்தான் இது சுமை. ஆனால் அந்தப் போட்டிகளுக்குப் போவது எங்கள் பிள்ளைகளும்தான்.

மூன்றாவது பேரேட்டில்தான் ஆச்சரியம். 2006இல் வந்து 2011இல் புதுப்பிக்கப்பட்ட அறக்கட்டளைச் சட்டம், உடல் திறனாலோ மனத் திறனாலோ உழைப்பாலோ உடல்நலத்தை வளர்க்கும் ஆட்டங்கள் எல்லாவற்றையும் விளையாட்டு என்றே ஏற்கிறது. 2011இல் ஹிட்சின் என்ற ஊரின் பிரிட்ஜ் கழகம் ஒன்று இதன்படி அறக்கட்டளையாகப் பதிவு பெற்றது. ஆக, ஒரு சட்டம் கதவைச் சாத்திய இடத்தில் இன்னொரு சட்டம் திறந்துவிடுகிறது.

வெளிநாடுகளிலும் இந்த நிலைதான். சர்வதேச ஒலிம்பிக் குழு 1999இல் உலக சதுரங்கக் கூட்டமைப்பை அங்கீகரித்தது. ஆனாலும் ஒலிம்பிக் போட்டியில் சதுரங்கத்துக்கு இன்னும் இடமில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2006இல் டோஹாவில் பதக்கமே கொடுத்தார்கள். பிரான்சில் 2000ஆம் ஆண்டிலிருந்து விளையாட்டு அமைச்சின் அங்கீகாரம் உண்டு. ஜேர்மனியின் வரிச் சட்டம் பொதுநலப் பணிகளைப் பட்டியலிடும் இடத்தில், விளையாட்டு என்று எழுதி, பக்கத்திலேயே அடைப்புக்குள் சதுரங்கமும் விளையாட்டாகக் கருதப்படும் என்று குறித்திருக்கிறது. அதை எழுதியவர் எங்களைப் போல ஒரு கணக்குப்பிள்ளையாகத்தான் இருந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இனி எதிர்த்தரப்பின் நியாயத்தையும் பார்க்க வேண்டும். விளையாட்டு நிதி ஒதுக்கப்படுவது மக்களை எழும்பி நடக்கவும் ஓடவும் வைப்பதற்காக. தெற்காசியர்களான எங்களுக்கு நீரிழிவும் இருதய நோயும் மற்றவர்களை விடக் கூடுதலாக வருகின்றன என்பதை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எங்கள் வீடுகளில் பாருங்கள், பள்ளிக்கூடம், ரியூசன், சனிக்கிழமைத் தமிழ், ஞாயிறு சங்கீதம், எல்லாம் இருந்தபடியே. அதன்மேல் சதுரங்கத்தையும் ஏற்றிவிட்டு "எங்கட பிள்ளை ஸ்போர்ட்ஸ் செய்யுது" என்று சொன்னால் அது கணக்கைச் சோடிப்பது. நாலு மணி நேரம் ஒரு ஆட்டத்தில் கவனம் சிதறாமல் இருப்பது கடும் உழைப்புத்தான். ஆனால் அது நீச்சலுக்கும் ஓட்டத்துக்கும் ஈடாகாது. உடற்பயிற்சிக்கென்று வைத்த பணத்தில் பங்கு தரமாட்டோம் என்று அவர்கள் சொல்வதில் எனக்குக் கோபம் இல்லை.

எனக்குள்ள மனக்குறை வேறு. அந்தத் தலைப்பில் இல்லை என்றால் எந்தத் தலைப்பில் என்று சொல்லாமல் விடுவதுதான் பிழை. தலைப்பு இல்லாத செலவைக் கணக்கில் எவரும் தேடிப் பார்ப்பதில்லை.

தனித் தலைப்பு வைக்கலாம் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று உண்டு. 2023 ஓகஸ்டில் அரசு சதுரங்கத்துக்கென ஏறத்தாழ 10 இலட்சம் பவுண் திட்டம் ஒன்றை அறிவித்தது. இங்கிலாந்து சதுரங்கக் கூட்டமைப்புக்கு 5 இலட்சம், பூங்காக்களில் 100 சதுரங்க மேசைகள், வசதி குறைந்த பகுதிப் பாடசாலைகளுக்குச் சிறு மானியங்கள் என்பன அதில் இருந்தன. விளையாட்டு என்ற பட்டம் கொடுக்காமலே பணம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு புடாபெஸ்ட் சதுரங்க ஒலிம்பியாட்டில் இங்கிலாந்துப் பெண்கள் அணியில் 9 வயதுப் பிள்ளை போதனா சிவானந்தன் ஆடினார். பெற்றோர் திருச்சியிலிருந்து வந்தவர்கள். எந்த விளையாட்டிலும் இங்கிலாந்துக்காக ஆடிய ஆக இளையவர் இவராகத்தான் இருப்பார் என்று பத்திரிகைகள் எழுதின. எந்த விளையாட்டிலும் என்றார்கள்! சட்டம் தயங்கும் சொல்லைப் பத்திரிகைகள் தயங்காமல் எழுதிவிட்டன.

இன்னொரு பிள்ளையின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஃபாகிம் மொகமட் என்ற சிறுவன் 2008இல் தகப்பனோடு பங்களாதேசிலிருந்து பிரான்சுக்கு வந்தான். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இருக்க இடமில்லை. கிரெத்தேய் நகரச் சதுரங்கக் கழகம்தான் அவனைத் தாங்கியது. 2012இல் 12 வயதுக்குட்பட்டோருக்கான பிரெஞ்சு வெற்றிக் கிண்ணத்தை வென்றான். அப்போதைய பிரதமர் பியோன் வானொலியில் பேசிக்கொண்டிருந்தபோது, நேயர் ஒருவர் இந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டார். பிரதமர் கவனிப்பதாகச் சொன்னார். பிறகு அவர்களுக்கு வதிவிடப் பத்திரம் கிடைத்தது. அந்தக் கழகத்துக்கு ஒரு மண்டபமும் ஒரு பயிற்சியாளரும் இல்லாதிருந்தால் அந்தப் பிள்ளையைப் பற்றி வானொலியில் கேட்க எவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

வென்ற பிள்ளைக்குத்தான் வதிவிடம் என்றால் தோற்ற பிள்ளையின் கதி என்ன என்று நீங்கள் கேட்கலாம். அது சரியான கேள்வி. அதனால்தான் நான் கிண்ணத்தை விட மண்டபத்தைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்படுகிறேன். மண்டபம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது.

ஆகவே அந்தத் தாயாருக்கு என் பதில் இதுதான். தமிழில் உங்கள் மகன் விளையாட்டு வீரன்தான், அதை எந்தப் பட்டியலும் மாற்றாது. பாடசாலையிடம் கேட்கும்போது விளையாட்டு என்று வாதாடாமல், சதுரங்கத்துக்கென ஒரு பரிசு வையுங்கள் என்று கேளுங்கள். வகுப்பு நடத்துவோர் விளையாட்டு நிதிக்கு அலையாமல் கல்வி, இளைஞர் நலன், முதியோர் தனிமை ஆகிய தலைப்புகளில் விண்ணப்பியுங்கள். நாங்கள் அப்படி மாற்றி எழுதித்தான் கேட்டதில் பாதியைப் பெற்றோம். வகுப்பு மறுபடி ஒவ்வொரு வாரமும் நடக்கிறது. எல்லோருக்கும் திறந்த கழகமாக இருந்தால் அறக்கட்டளையாகப் பதிவது பற்றி யோசியுங்கள். பதிந்தால் வரி கட்டுபவர் தரும் ஒவ்வொரு 100 பவுண் நன்கொடைக்கும் அரசிடம் 25 பவுண் மேலதிகமாகக் கோரலாம். வகுப்புக் கட்டணத்துக்கு இது பொருந்தாது, நன்கொடைக்கு மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. ஆட்டம் முடிந்ததும் பிள்ளையைப் பூங்காவில் ஒரு சுற்று ஓடிவிட்டு வரச் சொல்லுங்கள். கூட நீங்களும் போங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.