புதிய பள்ளியில் நட்பு

மலேசியாவில் தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாம் ஆண்டோடு முடிவடைகிறது. பின்னர், மாணவர்கள் பெரும்பாலும் தேசிய இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்திலோ புகுமுக வகுப்பிலோ சேர்கின்றனர். சிறிய பள்ளியில் எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர், ஆயிரம் பேர் நிற்கும் சபைகூடலில் திகைத்துப் போகிறார். அங்குப் பேச வேண்டிய மொழியும் பெரும்பாலும் மலாய். தவறாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சத்தால் சிலர் ஓய்வு நேரத்தில் தனியே அமர்ந்துவிடுகின்றனர். அதனைக் கர்வம் என்று பிறர் எண்ணிக்கொள்வதும் உண்டு.

நட்பு மலர நாளாகும். புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களிடமும் பல்கலைக்கழகப் புதுமுக மாணவர்களிடமும் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் ஆய்வு நடத்தி, 2018இல் வெளியிட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்கே ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்திற்கு மேலும் தேவை என்று அவர் கணித்தார். ஒரே இடத்தில் வேலை செய்த நேரத்தைவிடச் சேர்ந்து பேசிச் சிரித்த நேரமே அதிகம் உதவியதாம். ஆகவே, முதல் வாரத்தில் நண்பர் அமையாதது குறையன்று.

15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டம் வழிசெய்கிறது. வெவ்வேறு வகுப்புகளில் பயிலும் தமிழ் மாணவர்கள் அங்கே ஒன்றுகூடுகின்றனர். அந்த வட்டத்திற்குள்ளேயே நின்றுவிடுவதும் எளிது. பிற இன மாணவர்களோடு பழகப் புறப்பாட நடவடிக்கைகளே நல்ல வாய்ப்பு. சாரணர் முகாமில் கூடாரம் அமைக்கும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அந்நேரத்தில் யாரும் இலக்கணப் பிழை பார்ப்பதில்லை.